கடைசிப் பக்கத்தை அப்பா படிக்க விடவில்லை

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் மலேசியாவில், ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் குடியிருந்தோம். அதற்கு முன் கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அதைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். பால்வெட்டைத் தவிர வேறு தெரியாத அப்பா பலகை ஆலை ஒன்றில் காவலுக்குப் போனார். ஒரே மகள் நான் துணிக்கடையில் வேலை பார்த்தேன். அம்மா இல்லை. அண்ணன் ஒருவன் உண்டு. ஆனால் வீட்டில் அவன் பேச்சை எடுக்கக் கூடாது.

தோட்டம் கைமாறிய வருடம் அவன் சொல்லாமல் கொள்ளாமல் சிங்கப்பூர் போய்விட்டான். சொல்லியிருந்தால் அப்பா விட்டிருக்க மாட்டார் என்பது வேறு விஷயம். "நான் செத்தாக்கூட அவன் என் மூஞ்சில முழிக்கக் கூடாது" என்று அப்பா போட்ட சத்தம் தோட்டத்து லய வீடுகள் முழுக்கக் கேட்டது. அதை அண்ணன் காதுவரை கொண்டுபோய்ச் சேர்க்கவும் ஒரு புண்ணியவான் இருந்தான். அண்ணன் எனக்கு மட்டும் தீபாவளிக்கு ஒரு வாழ்த்து அட்டை போடுவான், அதுவும் கடை முகவரிக்கு.

புந்தோங்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் வாசகர் வட்டம் கூடும். இந்தியாவிலிருந்து வரும் நாவல் ஒரே பிரதிதான். படிக்கிறவர்களோ நிறைய. அதனால் புத்தகத்தின் முதுகைப் பிரித்து நாலு பாகமாக்கி, ஊசி நூலால் தைத்து, பழுப்புத் தாள் அட்டை போட்டுச் சுற்றுக்கு விடுவார்கள். முன்னால் முடித்தவர் பின்னால் வருகிறவரிடம் முடிவைச் சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த நாவலை அவர்தான் கடைசியாகப் படிக்க வேண்டும். அதைவிடப் பெரிய தண்டனை எங்களுக்குத் தெரியாது.

அப்படித்தான் அந்தப் பழைய நாவலும் வந்தது. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் இங்கேயும் இரண்டு கட்சி கிளம்பும். தாயில்லாப் பையன் ஒருவன் வளர்ந்து ஆளாகிற கதை. மூன்றாம் பாகத்தில் அவன் அப்பாவைத் தனியாக விட்டுவிட்டுப் பட்டணம் போகிறான்.

அப்பாவுக்கு எழுத்து தெரியாது. நான் படிக்க அவர் கேட்பார். மூன்றாம் பாகம் முடிந்த ஞாயிறன்று சட்டையை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக மண்டபத்துக்குக் கிளம்பிவிட்டார்.

அன்று பாதிப் பேர் பையன் பக்கம், பாதிப் பேர் அப்பன் பக்கம். பையனுக்காக அதிகம் வாதாடியவர் ஒரு சிலோன்காரர், ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். "வளந்த பிள்ளை போகத்தான் வேணும். கட்டி வைச்சிருக்கிறது வளப்பே?" என்றார் அமைதியாக.

அப்பா எழுந்தார். "நன்றி கெட்ட பய லா அவன். ஒங்களுக்கு என்னாங்கய்யா, சொல்லுவீங்க. போனது ஒங்க வீட்டுப் புள்ளையா?"

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். எங்கள் வீட்டுக் கதை தெரியாதவர் அங்கே யாருமில்லை. அந்தச் சிலோன் பெரியவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு மண்டபத்தில் அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

நாலாம் பாகம் எங்களுக்கு வருவதற்குள் அப்பா பெரிய ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். நுரையீரல் கெட்டுவிட்டது, நாள் தள்ளாது என்றார்கள். அண்ணனுக்குத் தகவல் சொல்லி அனுப்பினேன். கடைக்குப் போன் செய்து, "அவரு கூப்புட்டா வாரேன்" என்றான். அப்பாவிடம் சொன்னேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் கிடந்து செத்தேன்.

மறுநாள் அப்பாவாகவே கேட்டார். "அந்தப் பய கடேசில என்னா ஆனான்?"

நாலாம் பாகம் அந்தப் பெரியவரிடம் இருந்தது. தயங்கித் தயங்கித்தான் அவர் வீட்டுக்குப் போனேன். புத்தகத்தைக் கொடுப்பார் என்று பார்த்தால், "நானே வந்து வாசிக்கிறன் பிள்ளை" என்றார்.

அன்று பிற்பகலே வந்தார். அப்பா அவரைப் பார்த்துக் கும்பிட்டார். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். பக்கத்துக் கட்டில்காரர்களும் காது கொடுத்தார்கள். பையன் பல வருடம் கழித்து ஊர் திரும்புகிறான். வீட்டுக் கதவைத் தட்டக் கை எடுக்கிறான். அந்த இடத்தில் வாசிப்பு நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மிச்சத்தை என்னால வாசிக்க ஏலாது."

அப்பா அவரையே பார்த்தார். "ஒங்க பையன் நெனப்பா?"

"லண்டனிலை இருக்கிறான். நான்தான் போ எண்டு அனுப்பினனான். இப்ப கடிதமும் இல்லை."

அப்பா கட்டிலில் படுத்தபடியே கையை நீட்டி அவர் முழங்காலில் வைத்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அப்படிக் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். மிச்சத்தை நான் படிக்கிறேன் என்று புத்தகத்தை வாங்கினேன். அப்பா கையை அசைத்துத் தடுத்தார்.

"வேணாம், மூடு. நான் சொல்றேன்." மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். "கெழவன் கதவத் தொறக்குறான். வாடான்னும் சொல்லல, போடான்னும் சொல்லல. சோறு தின்னியாடான்னு கேக்குறான். அம்புட்டுதான் கதை."

புத்தகத்தை மூடினேன். "அண்ணன வரச் சொல்லட்டுமாப்பா?"

"சொல்லு. மழையா இருக்கு, பாத்து வரச் சொல்லு."

ஓடிப்போய்த் தந்தி கொடுத்தேன். விடியும்போது அப்பா போய்விட்டார்.

அண்ணன் வந்து சேர்ந்தபோது எல்லாம் தயாராகி, பாடையைத் தூக்க வேண்டியதுதான் பாக்கி. கொள்ளிச் சட்டியை அவனிடம் நீட்டினார்கள். வாங்கவில்லை. என்னைத் தனியாக இழுத்து, "அவரு கூப்புட்டாரா, நீயா தந்தி குடுத்தியா? நெசத்தச் சொல்லு" என்றான். சத்தியம் செய்தேன். அவன் நம்பவில்லை. தங்கச்சி ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. சித்தப்பா மகனைக் கூப்பிடுங்கள் என்று கூட்டத்தில் பேச்சு எழுந்தது.

அப்போது அந்தப் பெரியவர் முன்னால் வந்தார். "தம்பி, நான் பக்கத்திலை இருந்து கேட்டனான். வரச் சொன்னது உங்கட அப்பாதான். மழையிலை பாத்து வரச் சொல்லு எண்டவர். வந்தா சோறு திண்டியோ எண்டு கேக்கத்தான் இருந்தவர்."

அண்ணன் அவர் தோளில் சாய்ந்து அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. பிறகு சட்டியை வாங்கிக்கொண்டான்.

அந்தப் பெரியவரின் மகன் கடைசிவரை வரவே இல்லை என்று பின்னாளில் கேள்விப்பட்டேன்.

அந்த நாவலின் முடிவு சரியா தவறா என்று இன்றும் ஆட்கள் சண்டை போடுகிறார்கள். பேச்சு அங்கே வந்ததும் நான் எழுந்து போய்விடுவேன், ஏனென்றால் அந்தக் கடைசிப் பக்கத்தை இன்றுவரை நான் படிக்கவில்லை. அச்சில் இருக்கிற அப்பன் வேறு ஏதாவது கேட்டிருந்தால் என்னால் தாங்க முடியாது.