ஈசானி மூலையில் முதல் செங்கல்

போன மாசம் என் ஓரகத்தி பாக்கியம் ஒரு முழுச் சுவரை இடித்துத் தள்ளினாள். கடப்பாறை இல்லை. கொத்தனார் இல்லை. முகத்தில் ஒரு துளி வியர்வை இல்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, பக்கத்தில் டீ கிளாஸை வைத்துக்கொண்டு, ரெண்டு கட்டை விரலால் இடித்தாள்.

நான் வாசலில் நின்று பார்த்தேன். வயிறு எரிந்தது.

புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பாக்கியம் என் வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டி. கறம்பக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ரெண்டு வீடும் அடுத்தடுத்து. நான் மூத்த மருமகள், அவள் இளையவள். பொங்கல் அன்றைக்கு முதலில் பொங்குவது என் பானை. கோயிலில் திருநீறு முதலில் வாங்குவது என் கை. கோலமாகட்டும், குழம்பாகட்டும்... அவளே கரண்டியோடு வந்து, "ருசி பாத்துச் சொல்லுங்கக்கா" என்று நிற்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். உப்பு சரியாக இருந்தாலும், "ஒரு கல்லு கொறையுது" என்றுதான் சொல்வேன். மூத்தவள் என்றால் ஏதாவது சொல்ல வேண்டுமே!

அந்த வரிசையைக் கலைத்தது ஒரு சின்ன டப்பா.

வெயில் காலத்தில் பாக்கியம் மோட்டார் கொட்டகைப் பக்கம் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டாள். மாவுக்கட்டுப் பிரித்ததும் டாக்டர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, அமுக்கிப் பழகச் சொன்னார். அதை ரெண்டாம் நாளே நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. இவளும் விட்டது தொல்லை என்று இருந்துவிட்டாள். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த மகள் சுமதிதான், "இதையாச்சும் அமுக்கும்மா" என்று தன்னுடைய கேம் செட்டைக் கையில் கொடுத்துவிட்டு பிளேன் ஏறினாள்.

கையகல டப்பா. நடுவில் கண்ணாடி. இங்கிட்டுப் போக இடது பக்கம் ஒரு பட்டன், அங்கிட்டுப் போக வலது பக்கம் ஒரு பட்டன். கண்ணாடியில் மேல் பக்கம் கலர் கலராகச் செங்கல் வரிசை. கீழே கொத்தனார் பூச்சு தேய்க்கிற மாதிரி ஒரு கட்டை. ஒரு பந்து எகிறிப் போய்ச் செங்கலில் மோதும், செங்கல் காணாமல் போகும், பந்து திரும்பி வரும். கட்டையை நகர்த்தி அதைத் தட்டி அனுப்ப வேண்டும். தவறவிட்டால் ஒரு உயிர் போச்சு. மொத்தம் மூன்று உயிர்.

இவ்வளவுதான் ஆட்டம். இதில் என்ன பெரிய வித்தை?

"குடுடி பாப்போம்" என்றேன்.

"வாங்கக்கா. மூணு உசுரு இருக்கு, பதறாதீங்க."

பதறுவதா, நானா? வாங்கினேன். பந்து வந்தது. நான் இங்கிட்டு அமுக்கினேன், அது அங்கிட்டுப் போனது. நான் அங்கிட்டுப் போவதற்குள் அது கீழே போய்விட்டது. அவள் டீ ஆறவில்லை... மூன்று உயிரும் முடிந்தது.

"எனக்கும் மொதல்ல இப்படித்தாங்க்கா இருந்துச்சு. போகப் போக வந்துரும்" என்றாள் பாக்கியம்.

தோற்றதுகூடப் பரவாயில்லை. எனக்கு ஆறுதல் சொன்னாள் பாருங்கள்... என் குழம்பை நக்கிப் பார்த்து, "ஒரு கல்லு கொறையுதுக்கா" என்று சொன்ன மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து தினமும் ஒரு சாக்கு. கறிவேப்பிலை கேட்கப் போவேன். கொடுத்த கிண்ணத்தைத் திருப்பி வாங்கப் போவேன். போனால் என் கண் நேரே கண்ணாடியின் உச்சிக்குத்தான் போகும். அங்கேதான் இதுவரை ஆடியதிலேயே பெரிய நம்பர் நிற்கும். எழுத்துதான் எனக்குத் தடுமாற்றம் — இந்தப் பத்தியை எழுத்துக் கூட்டி முடிக்க எனக்கு அரை வாரம் ஆகிறது என்பது உங்களுக்குத்தான் தெரியுமே. ஆனால் சந்தையில் காய் விற்றவளுக்கு நம்பர் தெரியாமல் போகுமா? நாளுக்கு நாள் ஏறியது. எல்லாம் அவள் நம்பர். என்னுடையது அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

பொறாமைக்கு வயசாகாது என்று அப்போதுதான் தெரிந்தது. முட்டி தேய்கிறது, பல் போகிறது. இது மட்டும் வயல் நண்டு மாதிரி வளைக்குள் கொழுத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறது.

சரி, அவளை எப்படி நிறுத்துவது? யோசித்தேன். எங்கள் ஊரில் ஒருத்தர் கையைக் கட்டக் கயிறு தேவையில்லை. சாஸ்திரம் போதும்.

"ஏன்டி பாக்கியம், கண்ட எடத்துல இடிக்கிறியே. செவுரு இடிக்கிறதுக்கு ஒரு மொற இல்லையா?"

அவள் கை நின்றது. "இதுக்குமாக்கா?"

"செவுருன்னா செவுருதான். எங்க பழைய வீட்டை இடிச்சப்ப நீயும்தானே இருந்தே? ஈசானி மூலையிலதான் மொதக் கல்லை எடுத்தாங்க. அந்த மூலையைத் தொறந்துட்டுத்தான் மத்த எடத்துல கை வைக்கணும்."

உண்மையில் அன்றைக்குக் கொத்தனார் எங்கே நிழல் இருந்ததோ அங்கே கடப்பாறையைப் போட்டார். அது எனக்கல்லவா தெரியும்?

பாக்கியத்தின் முகம் வெளுத்துவிட்டது. "அதுக்குத்தான் எனக்குக் கை ஒடிஞ்சிச்சோ?"

கை ஒடிந்தது முந்தி, டப்பா வந்தது பிந்தி. அதை நான் எடுத்துச் சொல்ல வேண்டுமா? சொல்லவில்லை.

"இதுல ஈசானி மூலை எதுங்கக்கா?"

"வடக்கப் பாத்து உக்காரு. மேல, வலது பக்கக் கோடி."

வலது பக்கத்தை ஏன் சொன்னேன் என்று கேட்கிறீர்களா? அவளுக்கு ஒடிந்தது வலது கை. அந்தப் பக்கத்துப் பட்டனை அமுக்க இன்னும் சிரமப்படுவாள். பந்தை அந்தக் கோடிக்கே அனுப்ப வேண்டுமென்றால் அந்த விரலுக்குத்தான் வேலை அதிகம். இவ்வளவும் கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். படிக்காதவளுக்குப் புத்தி இருக்காதா என்ன?

அவள் நாற்காலியைத் தூக்கி வடக்கே பார்த்துப் போட்டாள். திருநீறு பூசிக்கொண்டாள். அந்த ஒரு மூலையையே குறி வைத்து அடித்தாள். வேறு செங்கல் கைக்கு எட்டுகிற மாதிரி நின்றாலும் தொட மாட்டாள். உயிர் உயிராகப் போனது. "அய்யோ, கோடிக்கு எட்ட மாட்டேங்குதே" என்று முனகினாள். உச்சியில் நம்பர் நகரவே இல்லை. ரெண்டு நாள் எனக்குச் சோறு நல்லபடியாக இறங்கியது.

அப்புறம் ஒரு நாள் காலையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். பாக்கியம் டப்பாவை ரெண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, எண்ணெய்க் கிண்ணம் எடுத்து வருகிற மாதிரி மெதுவாக நடந்து வந்தாள்.

"அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க. பந்து மேல போயிருச்சு. எறங்க மாட்டேங்குது. கெட்டுப்போச்சா?"

பார்த்தேன். வலது கோடியில் மேலே வரைக்கும் ஒரு சந்து விழுந்திருந்தது. அந்தச் சந்து வழியாகப் பந்து உள்ளே நுழைந்துவிட்டது. கூரைக்கும் செங்கலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, பரணில் புகுந்த எலி மாதிரி அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுகிறது. ஓடுகிற இடத்தில் எல்லாம் செங்கல் உதிர்கிறது. உதிர உதிர நம்பர் ஏறுகிறது...

"நான் ஒண்ணுமே பண்ணலைக்கா. கையை எடுத்துட்டேன். அதுவா இடிச்சுக்கிது."

நானும் அவளும் நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம். பழைய பெரிய நம்பரைத் தாண்டியது. ரெண்டு மடங்கு ஆனது. முருங்கைக்கீரை காற்றில் பறந்தது, நான் குனியவில்லை.

"சாஸ்திரம்னா சும்மாவா?" என்றாள் பாக்கியம். கண் கலங்கியிருந்தது. அவளுக்கு. எனக்கும்தான், வேறு காரணம்.

அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. "எல்லாம் எங்க அக்கா சொன்ன மொற" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொன்னாள். சுமதி வீடியோ காலில் வந்தாள்.

"பெரியம்மா, ஒங்களுக்கு எப்படித் தெரியும்? இந்த ஆட்டத்துல கெட்டிக்காரங்க எல்லாம் இப்படித்தான் ஆடுவாங்க. ஒரு ஓரத்துல ஓட்டை போட்டுப் பந்தை மேல ஏத்தி விட்டுருவாங்க."

"எல்லாம் பெரியவங்க சொன்னதுதான்த்தா" என்றேன். வேறு என்ன சொல்வது?

"அதோட அம்மா கையைப் பாத்தீங்களா? நல்லா திரும்புது."

பார்த்தேன். ஒடிந்த கை. மூலை மூலை என்று அந்தப் பட்டனையே அமுக்கி அமுக்கி இப்போது அந்தக் கையாலேயே முறுக்கு பிழிகிறாள். முறுக்கும் நன்றாகத்தான் இருந்தது. ஒரு கல் உப்பு குறைகிறது என்று சொல்ல வாயெடுத்தேன்... வரவில்லை.

ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். நம் ஊரில் எத்தனை சாஸ்திரம்! இன்ன கிழமையில் இது செய்யாதே, இன்ன திசையில் அது வைக்காதே. இதில் பாதியாவது, முன்னே ஒரு காலத்தில் எவளோ ஒரு மூத்த மருமகள் இளையவளைப் பார்த்து வயிறெரிந்து சொன்னதாக இருக்குமோ? இருக்கும் போலத்தான் தெரிகிறது.

அந்தச் சாஸ்திரத்தை நானும் ஆடிப் பார்த்தேன். ஏன் மறைக்க வேண்டும்? அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து வடக்கே பார்த்து உட்கார்ந்தேன். மூலைக்குத்தான் குறி வைத்தேன். ஆனால் இந்தப் பக்கம் ஒரு செங்கல் லேசாகக் கிடைக்கிற மாதிரி நிற்கும். கண் அங்கே போகும். அடுத்து இன்னொன்று. ஒரே மூலையை நம்பி நிற்க எனக்கு வராது. அது புளுகு என்று தெரிந்தவளுக்கு எப்படி வரும்? மூன்று உயிரும் போனது.

கண்ணாடியில் பெரிய நம்பர் வந்து நின்றது. பக்கத்தில் இங்கிலீஷில் மூன்று எழுத்து. முன்னே அது இருந்ததில்லை. குளித்து வந்த பாக்கியத்திடம் கேட்டேன்.

"இது என்னடி புதுசா?"

"அதுவாக்கா? பெரிய நம்பர் எடுத்தா பேரு போடலாமாம். சுமதி போன்ல சொல்லச் சொல்ல அமுக்கினேன். மூணு எழுத்துதான் போடலாம்னா. பாக்கியம்னு போட எடம் பத்தலை." தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். "அதான் ஒரு கே-யைக் கொறச்சு அக்கான்னு போட்டுட்டேன்."

ஆக, உச்சியில் இருப்பது நான். அந்த நம்பரை இந்த ஜென்மத்தில் நான் தொடப் போவதில்லை. பாக்கியத்தைப் பார்த்து எரிந்தபோதாவது ஒரு நியாயம் இருந்தது. இப்போது அந்த அக்காவைப் பார்த்தல்லவா வயிறு எரிகிறது!