பத்து மாத அட்வான்ஸ்

2024 ஜூலை 26, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது நாற்பது. வானம் மூடிக் கிடந்தது; மழை இல்லை, புழுக்கம் மட்டும். பள்ளிக்கரணையில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, தகரக் கூரை போட்ட ஒரு காலி ஷெட்டில் நானும் என் மருமகளும் நின்றுகொண்டிருந்தோம். அந்த ஷெட் எங்கள் கைக்கு வரக் கூடாது என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

காரணம் இருக்கிறது. எங்கள் வீடு அஸ்தினாபுரத்தில். நான் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவன். என் மனைவி காலமான பிறகு வீட்டில் பகல் நகரவே நகராது. அந்தச் சமயத்தில்தான் மருமகள் கல்யாணத் தாம்பூலப் பை தைக்க ஆரம்பித்தாள். ஹாலில் ஒரே ஒரு மெஷின். உறவில் ஒரு கல்யாணத்துக்கு இருநூறு பை தைத்துக் கொடுத்தாள். அதைப் பார்த்த சமையல் கான்ட்ராக்டர் ஐந்நூறு கேட்டார். இரண்டே வருடத்தில் ஆறு மெஷின், தைக்க வரும் பெண்கள் ஐந்து பேர். மணமக்கள் பெயர் அச்சடித்த துணிகள் என் படுக்கையறையில் கொடி கட்டிக் காய்ந்தன.

நான் புலம்பாத நாள் கிடையாது. "இது வீடா, மில்லா?" என்பேன். சாம்பாரில் நூல் கிடக்கிறது என்பேன். ஆனால் என் வேலையை மட்டும் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். தைத்த பைகளை எண்ணி ஐம்பது ஐம்பதாகக் கட்டுவது என் பொறுப்பு. ஒவ்வொரு கட்டையும் இரண்டு முறை எண்ணுவேன். பதினோரு மணிக்கு எல்லாருக்கும் டீ போடுவதும் நான்தான்.

"இன்னா சார், எண்றீங்களா, இல்ல ஒவ்வொரு பைக்கும் பேர் வெச்சிகினு கீறீங்களா?" என்று தைக்கிற பெண்களில் மூத்தவள் சீண்டுவாள்.

"நாப்பத்தொம்பது போச்சுன்னா பொண்ணு வீட்டுக்காரங்க உன்னையா கேப்பாங்க? என்னைத்தான் கேப்பாங்க."

"வரட்டும் சார், ஒரு டீ குடுத்து அனுப்பிடலாம்."

ஆறு மெஷின் சத்தத்துக்கும் மேலே அவர்கள் சிரிப்பு கேட்கும். நான் முதலிலிருந்து எண்ணுவேன்.

ஆவணி முகூர்த்தங்களுக்காக ஆறாயிரம் பைக்கு ஆர்டர் வந்தது. வீட்டில் துணியை இறக்கிவைக்கக்கூட இடமில்லை. இடமில்லாமல் அந்த வருடம் ஏற்கெனவே இரண்டு ஆர்டர்களைத் திருப்பியிருந்தாள். "இதையும் விட்டா அப்புறம் யாரும் என்னைக் கேக்க மாட்டாங்க மாமா" என்றாள். மகன் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்ததால் ஷெட் பார்க்க என்னைத் துணைக்கு அழைத்தாள்.

நான் ஆடி மாதத்தை நம்பியிருந்தேன். ஆட்டோவில் போகும்போது மெதுவாக, "ஆடியில யாரும்மா புது இடத்துக்குப் போவாங்க?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"பதினெட்டாம் பெருக்கு நல்ல நாள்தானே மாமா? அன்னிக்கே பால் காய்ச்சிடலாம்."

என் ஒரு மாத ஆடி, எட்டு நாளாகச் சுருங்கிவிட்டது.

ஷெட்டுக்காரர் சுற்றி வளைக்கவில்லை. "வாடகை பதினெட்டாயிரம். அட்வான்ஸ் பத்து மாசம், ஒண்ணு எம்பது. ஒரு மணிக்கு வாட்டர் கேன் பார்ட்டி துட்டோட வருது. அதுக்குள்ள சொல்லிடும்மா."

அவளிடம் ஒரு லட்சம்தான் இருந்தது. ஐந்து மாதமாகக் குறைக்கச் சொன்னாள். மீதியைத் தர ஒரு வாரம் கேட்டாள். "பேஜார் பண்ணாதம்மா. இந்த ஏரியால எல்லாருக்கும் பத்து மாசம்தான்" என்று சொல்லிவிட்டு, அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"சரி மாமா, வீட்லயே சமாளிச்சுக்கலாம்" என்றாள்.

என்னிடம் ஒரு லட்ச ரூபாய் டெபாசிட் இருந்தது அவளுக்குத் தெரியும். என் வைத்தியச் செலவுக்கென்று போட்டது. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். நான் வாய் திறக்காமல் இருந்தாலே போதும், திங்கட்கிழமையும் ஹாலில் மெஷின்கள் ஓடும்.

கிளம்புவதற்கு முன் அவள் ஷெட்டை ஒரு சுற்று சுற்றினாள். "இங்க கட்டிங் டேபிள் போட்டிருக்கலாம். வெட்டின துணி அப்படியே மெஷினுக்கு வந்துடும். அச்சுக்கு அந்த மூலை." கிடைக்காத இடத்தை எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தாள். ஜன்னலருகே வந்ததும் நின்றாள். "இது உங்க மேஜைக்கு மாமா. நல்லா காத்து வரும், எண்ணிக்கிட்டே இருக்கலாம்" என்று சிரித்தாள். சிரித்த வேகத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறியதும், பாங்க்குக்குப் போகச் சொன்னேன்.

"எதுக்கு மாமா? அது உங்க ஆஸ்பத்திரிக்கு வெச்ச பணம். வேணாம்."

"இன்னிக்கு எனக்கு ஒண்ணும் ஆகாது. பேசாம வா."

பன்னிரண்டு ஐம்பதுக்குப் பணத்தைக் கட்டினோம். பத்து நிமிடம் தாமதித்திருந்தால் வாட்டர் கேன் பார்ட்டிக்குப் போயிருக்கும்.

பெருக்கன்று மெஷின்கள் டெம்போவில் ஏறிப் போயின. நானும் தினமும் போனேன். இரண்டு பஸ் மாற வேண்டும். சொன்னபடி ஜன்னலருகே என் மேஜை இருந்தது. ஆறாயிரமும் சரியான நாளில் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு ஆர்டர்கள் நின்றபாடில்லை. மெஷின் பதினான்கானது. எண்ணிக் கட்ட நேரமில்லை என்று எலெக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்கினார்கள். ஐம்பது பை என்ன எடை என்று தெரிந்தால் போதுமாம். ஒருநாள் தராசில் நிறுத்துக் கட்டிய ஒரு கட்டை அவிழ்த்து எண்ணினேன். ஐம்பது. மறுபடி எண்ணினேன். ஐம்பதேதான்.

"இன்னா சார், தராசு பாஸா, ஃபெயிலா?" என்றாள் அந்த மூத்தவள்.

"பாஸ்" என்றேன்.

அதற்கப்புறம் முழங்கால் வலி என்று சொல்லி நின்றுகொண்டேன். வலி இருந்தது உண்மைதான். வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வாங்க மாமா என்று இன்றும் மருமகள் கூப்பிடுகிறாள். இரவு எட்டு மணிக்குக் களைத்து வந்து, எந்த ஊருக்கு எத்தனை பை போயிற்று, யார் யாரை என்ன கிண்டல் செய்தார்கள் என்று சொல்வாள். சாப்பிட்டு முடித்த பிறகும் கை கழுவ எழாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பதினோரு மணி டீயை இப்போது நான் போடுவதில்லை. ஒருவனுக்காக அடுப்பு மூட்டத் தோன்றவில்லை. அந்த ஐந்து பேரும் ஒரு காலையாவது வந்து இந்த ஹாலில் தைத்துவிட்டுப் போகமாட்டார்களா என்று ஏங்குகிறேன். ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமை மறுபடி வந்தால் மறுபடியும் பாங்க்குக்குத்தான் போவேன். அவள் வீட்டுக்குள்ளேயே சமாளித்துக்கொண்டிருப்பதைப் பார்க்க என்னால் முடியாது. நான் கொடுத்த எண்பதாயிரத்தை அவள் தை பிறந்ததும் திருப்பித் தந்துவிட்டாள். டெபாசிட்டை முன்கூட்டி எடுத்ததற்காக வட்டியில் பாங்க் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். ஆக, அன்றைய தினம் எனக்கு வைத்த மொத்தச் செலவு, கணக்குப்படி, ஆயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய்.