ராஜவேலுவின் மஞ்சள் சட்டை

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. இதைச் சொல்லி யாரையும் நம்பவைக்க முயன்றதும் இல்லை. அந்த இரவு நான் அங்கே இருந்தேன். என் கண்ணால் பார்த்தேன். அவ்வளவுதான்.

1984. நாங்கள் நாலு பேர். ராஜவேலு, அப்பாதுரை, சுப்பராயலு, நான். கோலியனூரில் ஒன்றாகப் படித்தவர்கள். மெட்ராஸில் வேலை, திருவல்லிக்கேணியில் ஒரே அறை. சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டு மெரினாவுக்குப் போவோம். கூட்டம் கலைந்ததும், முப்பதை நெருங்கிய நாங்கள் சின்னப் பிள்ளைகளாகிவிடுவோம். பம்பரம், கோலி, ஐஸ்பாய். ஒருமுறை ரோந்து வந்த போலீஸ்காரர் டார்ச் அடித்துப் பார்த்து, "ஏன்யா, உங்களுக்கெல்லாம் வூடு வாசல் இல்லியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்தச் சனிக்கிழமைதான் ராஜவேலுவுக்குக் கடைசி ஆட்டம். புதன்கிழமை திண்டிவனத்தில் கல்யாணம். பெண் பெயர் பவுனு. அவளைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து தூக்கத்தில்கூடச் சிரித்தான். நிச்சயத்துக்கு மாமனார் எடுத்துக்கொடுத்த மஞ்சள் சட்டையைத்தான் போட்டிருந்தான்.

"மண்ணுல உருளப் போறோம். அதைப் போய் போட்டுக்கினு வந்திருக்கியே," என்றான் சுப்பராயலு.

"உனக்கு மாமனார் எடுத்துக் குடுக்கலைன்னு வயித்தெரிச்சல்டா."

"புதன்கிழமைக்கு அப்புறம் எங்களைப் பாத்தா யாருன்னு கேப்பே."

சிரித்தோம். அதுதான் நாங்கள் சேர்ந்து சிரித்த கடைசிச் சிரிப்பு.

ஐஸ்பாயில் எங்கள் பக்கம் ஒரு தந்திரம் உண்டு. ஒளிந்திருப்பவர்கள் இருட்டிலேயே சட்டையை மாற்றிக்கொள்வார்கள். தேடுகிறவன் சட்டையைப் பார்த்துத் தப்பாகப் பேர் சொல்லிவிட்டால், "சட்டி உடைஞ்சிது" என்று எல்லோரும் கத்திக்கொண்டு வெளியே வருவார்கள். மறுபடியும் அவனே தேட வேண்டும்.

அன்று தேடுகிறவன் நான். கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே, மணலில் ஏற்றிவைத்திருந்த கட்டுமரங்களுக்கு நடுவே. நூறு எண்ணிவிட்டுக் கண்ணைத் திறந்தேன்.

கடைசிக் கட்டுமரத்துக்குப் பின்னால் மஞ்சள் தெரிந்தது.

முதுகு மட்டும். குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தது. முகம் கடலைப் பார்த்து.

எனக்குத் தந்திரம் தெரியும். ஆனால் அந்தச் சட்டையை ராஜவேலு யாருக்கும் தரமாட்டான் என்றும் தெரியும்.

விளக்கின் வெளிச்சம் சுற்றி வந்தது. மணலெல்லாம் வெளுத்தது. கட்டுமரத்தின் நிழல் நீண்டது...

அந்த முதுகுக்கு நிழல் இல்லை.

கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன்.

"ராஜவேலு... அவுட்!"

மெதுவாக எழுந்தது. திரும்பவில்லை.

"ஆமா," என்றது.

ராஜவேலுவின் குரல்.

விறுவிறுவென்று ரோட்டுப் பக்கம் நடந்து இருட்டில் மறைந்தது. வாட்ச்சைப் பார்த்தேன். பத்தே முக்கால்.

"சட்டி உடைஞ்சிது!"

எனக்குப் பின்னால் சத்தம். திரும்பினேன். ராஜவேலு... பனியனோடு ஓடி வந்தான். அப்பாதுரையும் சுப்பராயலுவும் வந்தார்கள். இருவர் உடம்பிலும் அவரவர் சட்டை.

"கடைசி ஆட்டம், நல்லா ஏமாத்துவோம்னு குடுத்தேன். யாருகிட்ட இருக்குது என் சட்டை?" என்றான் ராஜவேலு.

அப்பாதுரையும் சுப்பராயலுவும் கையை விரித்தார்கள்.

"வெளையாடாதீங்கடா. பின்னாலருந்து கை நீட்டி, குடுன்னு கேட்டது யாரு?"

சுப்பராயலு தன் சட்டையைத் தொட்டுக் காட்டினான்.

"கை ஜில்லுனு இருந்திச்சே..." என்றான். பனியனில் தன் கையைத் துடைத்துக்கொண்டான்.

ரோடு வரை தேடினோம். யாரும் இல்லை.

விடியும் முன்பே பாரிமுனையில் பஸ் ஏறினோம். சட்டை தொலைந்ததை மாமனாரிடம் தானே நேரில் சொல்லிவிட வேண்டும் என்றான் ராஜவேலு. அப்பாதுரையின் சட்டை ஒன்றைப் போட்டிருந்தான். திண்டிவனத்தில் அந்த வீட்டை அடையும்போது ஏழரை மணி. வாசலில் பந்தக்கால் நட்டிருந்தார்கள்.

மாமனார் துரைக்கண்ணு கதவைப் பாதி திறந்தார். கையில் தடி.

"மாமா, நான்தான்."

"தெரியும். நீ வருவேன்னு மாப்பிள்ளை சொல்லிட்டாரு."

"மாமா... மாப்பிள்ளையே நான்தானே?"

அவர் ராஜவேலுவைப் பார்க்காமல் என்னிடம் பேசினார். "ராத்திரி வந்தாருப்பா. நான் எடுத்துக் குடுத்த சட்டையோட. வாய் தொறந்து கேட்டது ரெண்டு சொம்பு தண்ணி, அவ்ளோதான். காலைல ஒருத்தன் வருவான், எம் மூஞ்சியோடவே வருவான், ஆனா இந்தச் சட்டை அவன்கிட்ட இருக்காது, உள்ள வுடாதீங்கன்னாரு. தோ, படுத்துக்கினு இருக்காரு."

"எத்தனை மணிக்கு வந்தாரு?" என்று கேட்டேன் நான்.

"பத்தே முக்கால் இருக்கும்."

அப்பாதுரை அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினான். நாங்களும் ஓடினோம்.

பாய் விரித்திருந்தது. நடுவில் ஒரு ஆள் அளவுக்கு ஈரம். தோட்டக் கதவு உள்பக்கம் தாழிட்டபடி இருந்தது.

யாரும் இல்லை.

பவுனு சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். ராஜவேலு அவள் எதிரே போய் நின்றான்.

"பவுனு... நான்தான்னு உனக்குத் தெரியலையா?"

அவள் வெகுநேரம் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ராத்திரியும் இதையேதான் கேட்டீங்க," என்றாள்.

கல்யாணம் நடக்கவில்லை. பந்திரிக்கச் சொன்னார்கள், வேப்பிலை அடித்துப் பந்திரித்தார்கள். பெரியவர்கள் பேசிப் பார்த்தார்கள். பவுனு சம்மதிக்கவில்லை. ராஜவேலு வேலையை விட்டுவிட்டுக் கோலியனூருக்கே போய்விட்டான். நாங்களும் மெரினாவுக்குப் போவதை விட்டோம்.

இரண்டு வருஷம் கழித்து, விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் பவுனுவின் அம்மா வெள்ளையம்மாளைப் பார்த்தேன். மல்லாட்டை மூட்டையோடு உட்கார்ந்து, கடலையை உடைத்துக்கொண்டிருந்தார். பவுனுவுக்கு வேறு இடம் பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

"எத்தினி பேரு வந்தாங்க தம்பி. எவனையும் வேணாங்கறா. எனக்குத்தான் ஆயிடுச்சேங்கறா."

"அன்னைக்கு ராத்திரி வந்தவன், நான்தான்னு தெரியலையான்னு கேட்டப்ப என்ன பதில் சொன்னாளாம்?"

"தெரியுதுன்னு சொன்னாளாம்."

பஸ் வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தனியாத்தான் படுக்கறா தம்பி. ஆனா பத்தே முக்காலுக்கு மேல காது குடுத்துக் கேட்டா... உள்ள ரெண்டு பேரு பேசிக்கினு இருக்காங்க."