பச்சை விழாத விரல்

பாலக்காட்டில் தினமும் காலையில் ஒரு மெஷின் எனக்கு நன்றி சொல்கிறது. அலுவலக வாசலில் விரலை வைத்தால் பச்சை விளக்கு, பின்னாலேயே "தேங்க் யூ". வண்டிப்பெரியார் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவனுக்கு, வேலைக்கு வந்ததற்கு யாராவது நன்றி சொன்னால் இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. லயத்திலிருந்து இறங்கி வந்த உங்களுக்கு இது புரியும். வீட்டு உரிமையாளர் என் பேச்சைக் கேட்டுத் தமிழ்நாட்டில் எந்த ஊர் என்கிறார். இடுக்கி என்றால், அப்போது மலையாளியா என்று நம்பாமல் முகம் சுளிக்கிறார். எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் கம்பத்தில் இறங்கினாலோ நான் கேரளாக்காரன். போகட்டும், பழகிவிட்டது.

எங்கள் கம்பெனி செய்வது இதே மெஷினுக்கான மென்பொருள். எஸ்டேட்டுகளுக்கு விற்கிறோம். விற்கும்முன் அதைச் சோதிக்கும் குழு ஒழுங்காகச் சோதிக்கிறதா என்று தணிக்கை செய்து, முறையைச் சீர்ப்படுத்தத்தான் என்னை எடுத்தார்கள். குழுத் தலைவர் சீதாராமன், கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர், சோதனைத் தாளைக் காட்டினார். மேலிருந்து கீழ்வரை பச்சை. உலகத்தில் வேறு நிறம் இருப்பதே இவர்களுக்குத் தெரியாது போல.

"எங்க எல்லார் விரலும் பிடிச்சுடுத்து, சாரே. இனி என்ன வேணும்?" என்றார். ஏசி அறையில் சானிடைசரால் துடைத்த, கீபோர்டைத் தவிர எதையும் தொடாத விரல்கள். அதைக் கேட்டு நான் என்ன கிழித்தேன்? தாளில் நான்கு கட்டம் கூடுதலாகப் போட்டேன், 'சீர்திருத்தம்' என்று தலைப்பு வைத்தேன், கையெழுத்திட்டேன். கை தட்டினார்கள். வெட்கமில்லாமல் கேக்கும் வெட்டினேன்.

அடுத்த மாதம் எங்கள் எஸ்டேட்டுக்கும் அந்த மெஷின் போனது. அங்கே கொழுந்து எடுக்கும் தங்கை செல்வி போனில் அழுதாள். "அண்ணே, மெசினு மூணு நாளா எனக்கு ஆப்சென்ட் போடுது. கொழுந்து எடுத்துக்கிட்டுதான் நிக்கிறேன். கேட்டா, மெசினு பொய் சொல்லாதுங்கிறாரு சூப்பர்வைசரு." அவள் தற்காலிகத் தொழிலாளி. இடைவெளி விடாமல் வந்தவர்கள் பட்டியலில் இருந்தால்தான் இந்த ஆண்டு வேலை நிரந்தரம். நிரந்தரமானால்தான் அந்த லயத்து வீட்டில் தொடர்ந்து இருக்கலாம். கொழுந்துக் கறை ஏறி, வெடித்து, ரேகை தேய்ந்த விரல்கள் அவளுக்கு. அம்மாவுக்கும் அப்படித்தான். அந்தக் கையால் சோறு தின்று வளர்ந்த நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சீதாராமனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? இருந்தாலும் திட்டினேன்.

சோதனை இனி கொழுந்து எடுப்பவர் விரலில்தான் என்று விதி எழுதி, குழுவை வண்டிப்பெரியாருக்கு இழுத்துப் போனேன். காலையில் எல்லோரும் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் செல்வி விரல் வைத்தாள். சிவப்பு. "சோப்புப் போட்டு நன்னா அலம்பச் சொல்லுங்கோ," என்றார் சீதாராமன். அலம்பிவிட்டு வைத்தாள். சிவப்பு. மெஷினில்தான் கோளாறோ என்று என் பேரையும் விரலையும் அதில் புதிதாகப் பதிவு செய்து, வைத்துப் பார்க்கச் சொன்னார். ஒரே தொடுதல். பச்சை. "தேங்க் யூ."

தாளில் என் கையெழுத்தை அடித்து, 'தோல்வி' என்று எழுதினேன். கையால் பேர் எழுதும் பழைய ரெஜிஸ்டரையே திரும்பக் கொண்டுவரச் சொல்லிக் கடிதமும் கொடுத்தேன். சூப்பர்வைசர் அதைப் பார்க்காமலே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அன்றைய வருகைப் பட்டியலைத் திறந்து காட்டினார். என் பேர் இருந்தது. செல்வியின் பேர் இல்லை.

"பாத்தியாண்ணே, ஊர விட்டுப் போனவன வந்தாங்குது, இருக்கிறவள இல்லேங்குது," என்றாள். கொழுந்துச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு மலையேறினாள்.