வேலை கேட்காத சத்தம்

செய்தி வந்தபோது பிற்பகல் ஒன்று இருபது. நெடுந்தீவு வீட்டில் அம்மாவுக்கு மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகோட்டி அமலதாஸ் கைபேசியில் கூப்பிட்டார். றொபின்சன் அண்ணை படகுக்குக் காத்து நின்ற இடத்திலேயே விழுந்துவிட்டார், ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றார். பிறகு, "ஆறுதலா வாங்கோ அக்கா" என்றார். எங்களூரில் ஆறுதலாக என்றால் அவசரப்படாமல் என்று பொருள். அவசரப்பட இனி ஒன்றும் இல்லை என்பதை அந்தச் சொல்லில்தான் தெரிந்துகொண்டேன்.

றொபின்சன் என் அண்ணா. நாற்பத்தெட்டு வயது. இருபத்திரண்டு வருடம் ஒரு இசைக்குழுவில் கீபோட் வாசித்தார். தீவுகளில் திருவிழாவும் கலியாணமும் நடந்த இடமெல்லாம் போனார். மேடையில் அவருடைய இடம் எப்போதும் பெரிய ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில். ஒருநாள் பெட்டிகளையெல்லாம் லொறியில் ஏற்றிய பிறகும் அவருடைய காதுக்குள் ஒரு மெல்லிய கீச்சொலி மிச்சம் நின்றது. பிறகு அது போகவேயில்லை. கீபோட்டின் வலது பக்கத்தில், உச்சச் சுரங்களின் கட்டைகளைத் தொட்டால் இன்னும் கூர்மையாகும். குழுவை விட்டார். கீபோட்டை உறையில் போட்டு மூடினார்.

இரைச்சலுக்குப் பக்கத்தில் மெல்லிய வேறொரு சத்தத்தை வைத்தால் மனம் மெதுவாக அதில் போய் இருந்துகொள்ளும் என்று காது வைத்தியர் ஒருவர் சொன்னாராம். அண்ணா அதையே தொழிலாக்கினார். மண்கும்பானில் ஒரு அறை எடுத்து, நீலத் திரை போட்டு, 'செவிநிழல்' என்று பலகை மாட்டினார். சனம் அதைச் சத்தக்கடை என்றது. "தம்பி, கால் கிலோ சத்தம் நிறுத்துத் தாரும்" என்று ரோட்டால் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திக் கேட்டார்கள்.

முதலில் அவரிடம் இருந்தவை கடலும் மழையும்தான். உலகம் முழுவதும் அவற்றைக் கேட்டுத்தான் நித்திரை கொள்கிறது என்று படித்திருந்தார். காது இரைச்சலோடு வந்த கத்தரீனா அக்கா எங்கள் ஊர், கடற்றொழில் வீடு. அவருக்குக் கடலைப் போட்டார். பத்து நிமிடத்தில் அக்கா எழும்பிச் செருப்பைத் தேடினார்.

"எங்கை அக்கா போறியள்?"

"வள்ளம் கட்டியிருக்கோ எண்டு பாக்க."

"இது பெட்டிக்குள்ளை இருக்கிற கடல், அக்கா."

"எதுக்குள்ளை இருந்தாலும் கடல் கடல்தானே, தம்பி."

புளியங்கூடல் கோசலா ரீச்சருக்கு மழையைப் போட்டார். ரீச்சர் பாதி நித்திரையில் எழும்பிக் கொடியில் உடுப்புக் கிடக்கிறதென்று வாசல்வரை போய்விட்டார். வெளியே நல்ல வெயில்.

அன்றைக்கே அண்ணா இரண்டையும் அழித்தார். அதன் பிறகு வந்தவர்களிடமெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டார். "உங்களிட்டை வேலை கேக்காத சத்தம் எது?"

கத்தரீனா அக்கா கனநேரம் யோசித்தார். "குறிகட்டுவானுக்குப் போற படகின்ரை எஞ்சின். அதை அமலதாஸ் பாத்துக்கொள்ளுவான். எனக்கென்ன." கோசலா ரீச்சருக்குப் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லுகிற சத்தம். "என்ரை வகுப்பெண்டா ஏலாது" என்று இரண்டு தரம் சொன்னார். அண்ணா போய்ப் போய் இவற்றைப் பதிந்தார். சத்தத்தின் கூர்களைத் தேய்த்து, கைக்குள் அடங்கும் சின்னப் பெட்டிகளில் போட்டு விற்றார். மருந்து என்று ஒருநாளும் சொன்னதில்லை. "நிழல் மாதிரி, அக்கா. வெயில் போகாது. நீங்கள் நிண்டு கொள்ளலாம்."

பின்னேரங்களில் அந்த அறைக்குப் போயிருக்கிறேன். நாலைந்து பேர் பாயில் கிடப்பார்கள், ஒவ்வொருவர் காதடியிலும் ஒரு பெட்டி. திரை காற்றில் ஊதி ஊதி அடங்கும். வாசலில் நின்றால் எல்லாம் ஒன்றாகக் கேட்கும். வகுப்பறையொன்றின் நடுவால் படகு போகும். யாரோ அயல்வீட்டில் தேங்காய் துருவுவார்கள். எந்த ஊர் என்று தெரியாத கோயிலில் விளங்காத பிரசங்கம் நடக்கும். எல்லோரும் ஒரே படகில் ஏறி ஆளுக்கொரு கரைக்குப் போவதுபோல் இருக்கும். அண்ணா தன் கீச்சொலியோடு மூலைக் கதிரையில் இருந்து அவர்கள் போவதைப் பார்ப்பார்.

போன மாரியில் காய்ச்சலுக்குப் பிறகு எங்கள் அம்மா கிறேசம்மாவுக்கும் ஒரு காது இரையத் தொடங்கியது. "கொப்பரின்ரை மூக்கு உனக்கு. உன்ரை காது எனக்கோ?" என்று அப்பாவையும் இழுத்து அண்ணாவைக் கேட்டார். சிரிப்பு அதோடு சரி. ஒன்பது மாதமாக அம்மாவுக்கு நித்திரை இல்லை. பகலில் சுவரைப் பிடித்து நடந்தார், பெயர்களை மறந்தார். அண்ணா ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளில் ஒரு சத்தத்தோடு படகேறி வந்தார். பதினேழு சத்தம். புறா கூவினால் கோழிக்குத் தீன் வைக்க வேண்டும். மணி அடித்தால் பீடத்துப் பூவுக்குத் தண்ணீர் மாற்ற வேண்டும். ஓலை சலசலத்தால் வேலி.

"வேலை கேக்காத சத்தமெண்டு எனக்கு ஒண்டும் இல்லை மோனை. விட்டிடு" என்றார் அம்மா.

பிறகு ஒரு ஞாயிறு, பயிற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "முந்தி நீ உள்ளறையுக்கை இருந்து பழகேக்கை நான் படுத்திடுவன். நீ வீட்டிலை நிக்கிறாய், சாப்பிட்டிட்டாய். பிறகென்ன."

அண்ணா நிமிர்ந்து பார்த்தார். "எந்தப் பாட்டு, அம்மா?"

"பாட்டோ? பிழை விட்டு விட்டுத் திருப்பித் திருப்பி வாசிப்பியே, அது."

அடுத்த கிழமை கீபோட்டை உறையிலிருந்து எடுத்துவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார். "இடது கையை முதல் பதியிறன். வலது கைக்குக் காது கொஞ்சம் ஆறவேணும்."

"பிழையளையும் சேர்த்தோ?" என்றேன்.

"அதைத்தான் பழகவேணும். மறந்துபோச்சு."

அடக்கம் முடிந்து எட்டாம் நாள், அண்ணாவின் பையில் இருந்த சின்னப் பெட்டியை அமலதாஸ் கொண்டுவந்து தந்தார். மத்தியானம் அம்மாவைப் படுக்கவைத்து, நல்ல காதுக்குப் பக்கத்தில் வைத்தேன். தாழ்ந்த சுரங்கள் நாலு எட்டு நடந்து, நின்று, திரும்பிப் போய் முதலிலிருந்து நடந்தன. கூரை ஓட்டை வழியாக விழுந்த வெயில் அம்மாவின் காலிலிருந்து சுவருக்கு ஏறியது. அம்மாவின் கண் திறந்தே இருந்தது.

"அவன் இன்னும் தொடங்கேல்லை" என்றார்.

"கொஞ்சம் பொறுங்கோ, அம்மா."

முடிந்ததும் இன்னொருதரம் போடச் சொன்னார். போட்டேன். கைகளை நெஞ்சில் வைத்துக்கொண்டு காத்துக் கிடந்தார்.

பதிவு நாற்பத்தொரு நிமிடம். அதில் இருப்பது இடது கை மட்டும்.