தங்கையின் தெத்துப்பல்

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது, முன்பற்கள் கொஞ்சம் எடுப்பு. கிளிப் போடத்தான் கேளம்பாக்கத்துப் பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டரம்மா அவள் வாயைப் பார்த்துவிட்டு என் வாயையும் பார்த்தார். "நீங்களும் போட்டுக்கலாமே?" என்றார். நாற்பது வயதிலா என்று கேட்டேன். ஈறும் எலும்பும் நன்றாக இருந்தால் வயது தடையில்லையாம். குழந்தைகளுக்குப் பல் சீக்கிரம் நகரும், பெரியவர்களுக்கு மெதுவாக நகரும், அவ்வளவுதான் என்றார்.

நான் ஒப்புக்கொண்டது அழகுக்காக இல்லை. எனக்கு இடப்பக்கம் மேலே ஒரு தெத்துப்பல். என் தங்கைக்கும் அதே பக்கம், அதே பல். இருபத்தாறு வயதில் ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் சிரிக்கும்போதெல்லாம் அவள் வந்துவிடுவாள். பஸ் ஜன்னலில், லிப்ட் கண்ணாடியில், செல்போனில். பயந்துபோய் வாயை மூடிக்கொள்வேன். மாமல்லபுரத்தில் தனியாக இருக்கும் அம்மா ஒருநாள் சொல்லியேவிட்டாள்: "சிரிக்காதடி. அவ எதுர்ல வந்து குந்திக்கினாப்ல கீது." அதோடு அம்மா முன்னால் சிரிப்பதை விட்டுவிட்டேன். ஏழு வருஷம்.

இத்தனைக்கும் அம்மா வீட்டுச் சுவரில் இருக்கும் படத்தில் தங்கைக்குத் தெத்துப்பல் கிடையாது. போட்டோ என்றாலே உதட்டை இறுக்கிக்கொள்கிறவள் அவள். ஒரே ஒரு படத்தில், கடற்கரையில், வாய்விட்டுச் சிரித்திருந்தாள். அதைத்தான் பெரிதாக்கி பிரேம் போடச் செங்கல்பட்டில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தோம். அந்த மனிதர் நல்ல எண்ணத்தில் சுடிதாரைப் பட்டுப்புடவையாக்கி, நிறத்தைக் கூட்டி, பல்லையும் நேராக்கிவிட்டார். "சும்மா பளிச்சுனு பண்ட்டேன்மா" என்று பெருமை வேறு. பழைய படத்தை அவரும் அழித்திருந்தார், தங்கையின் போனும் அதற்குள் கெட்டுப்போயிருந்தது. காரியத்துக்கு நேரமாகிவிட்டதால் அதையே மாட்டினோம். பல் வரிசையான யாரோ ஒருத்திக்கு மாலை போட்டு ஊதுவத்தி ஏற்றினோம்.

எனக்கு நான்கு பல்லைப் பிடுங்கி இடம் செய்தார்கள். கம்பியை இறுக்கும் நாட்களில் நானும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து குழைந்த ரசஞ்சாதத்தை விழுங்குவோம். அவளுக்கு இரண்டு நாளில் வலி போய்விடும், மாதாமாதம் கம்பியைப் பிடித்திருக்கும் ரப்பருக்குப் புது நிறம் கேட்பாள். எனக்கு வாரம் முழுக்க தாடை விண்ணென்று தெறிக்கும். பல் நகர்வது நாக்குக்குத்தான் முதலில் தெரியும். தங்கை கொஞ்சம் கொஞ்சமாக என் வாயைவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். நிம்மதியாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இரண்டு வருஷம் கழித்துக் கம்பியைக் கழற்றியதும் நேராக அம்மாவிடம் போய்ச் சிரித்துக் காட்டினேன். என்னைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள்.

"அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல. இனிமே அவள எங்கடி போயி பாப்பேன்?"

சிரிக்காதே என்று சொன்ன அதே வாய். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் முழுவழியும் அழுதேன்.

கழற்றி மாட்டும் உறை ஒன்றை டாக்டரம்மா எங்கள் இருவருக்கும் கொடுத்திருந்தார். ரீடெய்னர் என்று பெயர். "இதப் போடலைன்னா பல்லு பழைய இடத்துக்கே போகப் பாக்கும்" என்று கண்டித்துச் சொல்லியிருந்தார். மகள் ஒழுங்காக மாட்டுகிறாள். "அம்மா, போட்டியா?" என்று என்னையும் விசாரிப்பாள். போட்டேன் என்பேன். என்னுடையது எட்டு மாதமாக டப்பாவிலேயே கிடக்கிறது.

தினமும் நாக்கால் தடவிப் பார்ப்பேன். ஒரு காலையில் அந்தப் பல்லின் முனை லேசாக இடறியது.

போன ஞாயிறு அம்மா டீ கொடுத்துக்கொண்டே பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொன்னாள். என்னையறியாமல் சிரித்துவிட்டேன். டம்ளரைக் கீழே வைத்தாள். கிட்டே வந்து என் மேலுதட்டை விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் சிரிடி" என்றாள்.

எனக்குச் சொன்னதல்ல என்று தெரியும். சிரித்தேன்.