உப்பு பார்க்கிற எபநேசர்

கோவில்பட்டிக்குக் கிழக்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிற அந்தச் சபையில் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு எல்லோருக்கும் போடும் விருந்தான அசனம் என்றால் உப்பு பார்ப்பது எபநேசர்தான். எந்தக் கமிட்டியும் கூடி அவரை நியமிக்கவில்லை. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு அசனத்தில், குழம்பை உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு கை போடு" என்றார். அன்றைக்குக் குழம்பு அமைந்துபோனது. அதிலிருந்து அறுநூறு பேர் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு அவர் நாக்கு சொல்வதுதான் தீர்ப்பு.

ஸ்பின்னிங் மில்லில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்து மூன்று. முழங்கால் போனதை ஒத்துக்கொண்டார். ஒரு காது மந்தமானதையும் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "ஆண்டவரே, கடைசிவரைக்கும் என்னை உமக்கு உபயோகமா வச்சிரும்" என்று ஜெபிப்பார். உபயோகம் என்று அவர் மனதில் வைத்திருந்தது உப்பு பார்ப்பதைத்தான். அது ஆண்டவருக்கும் தெரியும், அவர் மனைவி ஷைலாவுக்கும் தெரியும்.

ஒரு வருஷமாக வீட்டுச் சாப்பாட்டில் அவருக்கு உப்பு பற்றவில்லை. கேட்டால், "பிரஷருக்கு ஆகாதுன்னு குறைச்சிருக்கேன்" என்பாள் ஷைலா. அவரும் அதற்கு மேல் கேட்டுக்கொள்வதில்லை.

இந்த வருஷப் பண்டிகையன்று, ஆராதனை முடிவதற்கு முன்பே பந்தலுக்குப் பின்னால் வந்துவிட்டார். சமையல் பொறுப்பு ஜேம்ஸ்ராஜுக்கு. நல்ல கைப்பக்குவம் உள்ளவன், எதிர்த்துப் பேசுகிற வாய் மட்டும் கிடையாது. கறிக்குழம்பை அள்ளி எபநேசர் உள்ளங்கையில் ஊற்றினான்.

"உப்பே இல்லையேலே."

"நான் பாத்துட்டேன் அண்ணாச்சி. சரியாத்தான் இருக்கு."

"நீ பாத்தா போதும்னா நான் எதுக்கு இங்கன நிக்கேன்? ரெண்டு கை போடு."

பெரியவர் பேச்சைத் தட்டக் கூடாது என்கிற நம்முடைய நல்ல பழக்கம் இதுவரை எத்தனை குழம்பைக் கெடுத்திருக்கிறதோ தெரியாது. ஜேம்ஸ்ராஜ் போட்டான். மறுபடி நக்கிப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு கை போடச் சொன்னார். அதையும் போட்டான்.

முதல் பந்தியில் இருநூறு பேர் உட்கார்ந்தார்கள். சபைக் குருவானவரை அங்கே ஐயர் என்பார்கள். ஐயர் ஜெபம் பண்ணினார், இலையில் சோறு விழுந்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. வாளியோடு வரிசையில் நடந்த எபநேசருக்குத்தான் என்னவோ போல இருந்தது. இன்னொரு கரண்டி குழம்பு கேட்க ஆளில்லை. தண்ணீர், தண்ணீர் என்றுதான் நாலு பக்கமும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெண்கள் வரிசையில் இருந்த ஷைலாவிடம் குனிந்தார்.

"உப்பு கூடவா?"

அவள் இலையைப் பார்த்தபடி, "கூடத்தான்" என்றாள்.

"அப்ப வீட்டுலயும் நீ குறைக்கல."

"ஒரு சிட்டிகை குறைக்கல. உங்ககிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியாம இருந்துட்டேன்."

அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. கோபமும் வந்தது, யார் மேல் என்றுதான் பிடிபடவில்லை. அதற்குள் அடுப்புப் பக்கம் சபைச் செயலாளர் சத்தம் போடுவது கேட்டது.

"என்னய்யா சமைச்சிருக்க? அடுத்த வருஷம் வேற ஆள்தான் பாக்கணும்."

ஜேம்ஸ்ராஜ் கரண்டியோடு தலைகுனிந்து நின்றான். எபநேசர் பெயரை அவன் எடுக்கவே இல்லை.

சும்மா இருந்தால் போதும். இருந்துவிடலாம் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. முப்பத்தொரு வருஷமாகச் சேர்த்த பெயர். ஜேம்ஸ்ராஜுக்கு நாற்பது வயதுதான். இதைத் தாண்டி வந்துவிடுவான். இப்படியெல்லாம் கணக்குப் போடுகிறோமே என்று நினைத்த மாத்திரத்தில் அவருக்கு அசிங்கமாகிவிட்டது. வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஐயரிடம் போய் மைக்கை வாங்கினார்.

"குழம்பு கரிக்குது. எனக்காகப் பொறுத்துக்கிட்டுச் சாப்பிடுதீங்க. ஜேம்ஸ்ராஜ் வச்ச குழம்பு சரியாத்தான் இருந்துச்சு. அவன் சரியா இருக்குன்னு சொல்லியும் கேக்காம, நான்தான் உப்பைப் போட வச்சேன். எனக்கு நாக்கு போயிட்டு. இனிமே உப்பு அவனே பாப்பான்."

கடைசி வரிசையிலிருந்து சொர்ணத்தாய்க் கிழவிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அதுக்கென்ன அண்ணாச்சி, எனக்குப் பல்லு போயிட்டு. நான் மைக்குலயா சொன்னேன்? ரசம் இருந்தா ஊத்தச் சொல்லுங்க."

சிரிப்பு கிளம்பியது. எபநேசரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

ஜேம்ஸ்ராஜ் உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டு, தேங்காய் அரைத்து ஊற்றி, வெந்நீர் விட்டுக் குழம்பைத் தேற்ற அரைமணி நேரம் பிடித்தது. பழக்கதோஷத்தில் கரண்டியை அவரிடம் நீட்டினான். அவர் கையை நீட்டவில்லை.

"நீ பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

"அப்ப ஊத்து."

கடைசிப் பந்தியில், முழங்காலுக்காக யாரோ போட்ட ஸ்டூலில், எபநேசரும் இலை முன்னால் உட்கார்ந்தார். ஷைலா பக்கத்தில் வந்து குனிந்து, அவர் இலையில் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லாருக்கு. சாப்பிடுங்க."

சூடு தெரிந்தது, உறைப்பு தெரிந்தது. உப்புதான் தெரியவில்லை. அவள் சொன்னதை நம்பி, மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார்.